மஞ்சள் பூசிய கரை

உங்களைக் காப்பாற்றியது ஒரு மனுஷர் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிடலாம். ஒரு சுவர் காப்பாற்றினால் என்ன செய்வீர்கள், செல்லங்களா? தாழைமேட்டில் ஒரு தெருவே அப்படித் தவித்தது. அந்தத் தவிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், இது அழவைக்கிற கதை இல்லை.

இன்னும் வராத ஒரு காலத்தில் நடப்பது இது. கருவாலி ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர் தாழைமேடு. அந்தக் காலத்துக்குள் ஆற்றை மனிதர்கள் எவ்வளவோ திருத்தி முடித்துவிட்டார்கள். மலையடியில் அணைகள், நடுவழியில் கதவுகள், ஊர்ப்பக்கம் வந்தால் இரண்டு கரையிலும் கான்கிரீட். அப்படியெல்லாம் கட்டி வைத்தும் ஓர் ஐப்பசியில் கரை உடைந்தது. ஊரின் பாதி தண்ணீருக்குள் போனது. போனவர்களை எண்ணிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தாழைமேட்டில் அந்த வெள்ளத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘அந்த மழை’ என்று மட்டும் சொல்வார்கள்.

அதற்கப்புறம்தான் உயிர்ச்சுவர் வந்தது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உயிர் அது. ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பைக் குடித்து, மணலோடு மணலை ஒட்டிக் கல்லாக்கிவிடும். நத்தை தன் ஓட்டைத் தானே கட்டிக்கொள்கிறதில்லையா, அது மாதிரி. அதற்கு ஒரு குணத்தையும் பழக்கியிருந்தார்கள். தண்ணீர் எங்கே அதிகமாக அழுத்துகிறதோ அங்கே அதிகமாகக் கட்டும். கொத்தனார் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். விதைத்துவிட்டால் போதும், தானே வளரும், விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும். வருஷங்கள் போயின. எத்தனையோ மழை வந்தது. ஒரு சொட்டு ஊருக்குள் வரவில்லை.

அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்கிற வேலை மங்கையர்க்கரசிக்கு. ஆற்றுக்கரை ஆணையத்தின் இன்ஜினியர். ஊர்க்காரர்கள் அரசி என்று சுருக்கிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவள், ரொம்பப் பேச மாட்டாள், ஆனால் யாராவது பேசினால் கடைசி வரைக்கும் கேட்பாள். சுவர் நெடுகப் பதித்திருந்த அளவு மானிகள் எங்கே எவ்வளவு கெட்டி என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவளும் காலையில் சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

ஆற்றோட்டத்தில் ஊருக்கு மேல்புறம், சுவரை ஒட்டினாற்போல் இருந்த பள்ளத்தில் இருளர் தெரு. ஆற்றோரத்து உப்பங்கழியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். பனையோலையில் முடைந்த பறி என்கிற சின்னக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றுக்குள் வேலை பார்ப்பார்கள். அந்தப் பெண்களில் மூத்தவள் உண்ணாமலை. ஐம்பத்தைந்து வயசிருக்கும். பல்லில் பறி இருக்கும்போது மட்டும்தான் அவள் வாய் சும்மா இருக்கும் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

சுவர் வந்த பிறகு அவர்களுக்குத் தூக்கம் வந்தது, இறால் போய்விட்டது. அணைகள் ஏற்கெனவே வண்டலை மேலேயே பிடித்து வைத்துக்கொண்டன. வந்த கொஞ்சநஞ்சச் சுண்ணாம்பையும் சுவர் குடித்தது. நண்டுக்கு ஓடு கட்ட ஒன்றும் மிச்சமில்லை. பிடித்தால் வேகவைத்த வாழைப்பூ மாதிரி கையில் கசங்கியது. இறால் தோலுரித்துப் பிறந்தது போல இருந்தது. நத்தை கொத்த வந்த நாரைகளும் வேறு தண்ணீர் தேடிப் போயின. ஊர் இதைக் கவனிக்கவில்லை. அங்கே இறால் வேறெங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்துகொண்டிருந்தது.

தெருப் பெண்கள் விடியுமுன்னே பஸ் பிடித்து, தூரத்துக் கழிகளுக்குப் போய்ப் பொழுது சாய வந்தார்கள். குறை சொன்னார்களா என்றால், இல்லை. உயிரோடு தூங்கி எழுவதே பெரிசு என்று நினைத்தவர்கள் அவர்கள்.

இப்படியிருக்கையில் ஓர் ஆவணி மாசம், மானி ஒன்று சொன்னதை அரசியால் நம்ப முடியவில்லை. இருளர் தெருவுக்கு எதிரே சுவர் இளகிக்கொண்டிருந்தது. அழுத்தம் கூடினால் கெட்டிப்பட வேண்டிய இடம், வாரத்துக்கு வாரம் மெலிந்தது.

நகரத்தில் தலைமை இன்ஜினியராக இருந்த கிருபாகரனுக்குத் தகவல் போயிற்று. அவர் மூர்க்கர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மழையில் தம்பியைத் தொலைத்துவிட்டு, ஆற்றின் வாய்வரைக்கும் தேடிக்கொண்டே நடந்தவர். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் அவருக்குத் தாங்காது. யாரோ திட்டம் போட்டு இடிக்கிறார்கள் என்றார். மீன் வந்து போக வழி வெட்டுகிறார்கள், வேறு யாருக்கு அங்கே அந்தத் தேவை இருக்கிறது என்றார். போலீசோடு போய்ப் பார்க்கச் சொன்னார்.

அரசி போலீஸ் இல்லாமல் போனாள். அது வெள்ளிக்கிழமை காலை. சுவருக்கு முன்னால் பெண்கள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு நின்றிருந்தார்கள். அம்மியில் அரைத்த பச்சை மஞ்சளைக் கை கையாக அள்ளிச் சுவரில் அப்பிக்கொண்டிருந்தார்கள். எட்டின உயரம் வரைக்கும் சுவர் மஞ்சளாக மினுங்கியது. மேலே வரிசையாக ஏழு குங்குமப் பொட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பருத்தி. கடப்பாரையை எதிர்பார்த்து வந்தவள் அம்மியைத்தான் பார்த்தாள்.

உண்ணாமலை திரும்பிப் பார்த்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இன்ஜினியரம்மா.”

அரசி கழற்றினாள். “என்னக்கா செய்யறீங்க?”

“பார்த்தா தெரியலியா? இந்த ஆடியில இருந்து வெள்ளிக்கு வெள்ளி கன்னிமாருக்கு மஞ்சள் பூசறோம்.”

“இது ஆணையத்துச் சுவர்க்கா.”

“அது உங்களுக்கு. எங்களுக்கு ஏழு பொம்பளைங்க ஆத்துக்குக் குறுக்க கையைக் கோத்துக்கிட்டு நிக்கறாங்க. அந்த மழையில மொதல்ல முழுகினது எங்க தெரு. இப்ப இத்தினி வருசமா புள்ளகுட்டியோட காலை நீட்டித் தூங்கறோம். நமக்காக நிக்கறவளுக்கு ஒரு கை மஞ்சள் பூசலன்னா நாங்க என்ன மனுசங்க?”

அரசிக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் இருக்க வழியில்லை. கிட்டப் போய்ச் சுவரை நகத்தால் சுரண்டினாள். கல்லாக இருக்க வேண்டியது மாவாக உதிர்ந்தது.

“வெட்டுப்பட்டா ஏன்க்கா மஞ்சள் வைக்கறோம்?”

“சீழ் புடிக்காம இருக்க.”

“சீழ் புடிக்க வைக்கறது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உயிர். மஞ்சள் அதைக் கொன்னுடும். இந்தச் சுவரைக் கட்டறதும் அதே மாதிரி ஒரு சின்ன உயிர்தான்.”

உண்ணாமலையின் கை பாதியில் நின்றது. மஞ்சள் முழங்கை வழியாக வடிந்தது. “அப்ப நாங்க வெள்ளிக்கு வெள்ளி...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பின்னால் நின்ற ஒருத்தி குடத்துத் தண்ணீரை எடுத்து அவசர அவசரமாகச் சுவரைக் கழுவ ஆரம்பித்தாள். இன்னொருத்தி அழுதுவிட்டாள். நன்றி சொல்லப் போய்ச் சாமியையே கொன்றிருக்கிறோமா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கிருபாகரனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். வேண்டுமென்று செய்ததில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள். அவர் பதில் சொன்ன குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் அந்த இடத்தில் மறுபடி விதைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அந்தத் தெரு அங்கே இருக்க வேண்டாம். மலைச்சாலைப் பக்கம் ஆணையத்தின் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம். நல்ல வீடுகள், மின்சாரம் உண்டு, குழாய் உண்டு. ஆனால் மலைச்சாலையில் தண்ணீர் என்று பார்க்க வேண்டுமானால் குழாயில்தான் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் உட்கார்ந்து பிழைக்கிறவர்களை அங்கே வைத்தால் என்ன ஆவார்கள்? அரசி அதைக் கேட்டாள். உயிரோடு இருப்பார்கள் என்றார் அவர். விதை வந்து சேரப் புரட்டாசி ஆகிவிடும், அதுவரைக்கும் அவகாசம் என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

உண்ணாமலையிடம் இதைச் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. அதுதான் அரசியை ரொம்ப வாட்டியது. “தப்பு பண்ணிட்டோம்மா, போறோம். போறதுக்குள்ள ஒரு வாட்டி கழியில உக்காந்துட்டுப் போறோம்” என்று மட்டும் சொன்னாள்.

மஞ்சள் பூசுவது நின்றது. ஆனாலும் செத்த இடம் செத்ததுதானே. அங்கே சுவர் மெல்ல மெல்லக் கரைந்து, சின்னக் கசிவு ஒன்று உள்ளே வந்தது. தெருவோரப் பள்ளத்தில் குட்டை மாதிரி தேங்கி, மறுபடி கல்மதகு வழியாக ஆற்றிலேயே போய்ச் சேர்ந்தது. அந்தக் கசிவை அளக்கத்தான் ஒரு நாள் மத்தியானம் அரசி போனாள். குட்டைக்குள் உண்ணாமலை கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள், பல்லில் பறி. பழக்கதோஷம்தான், ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்கே தெரியும். திடீரென்று பறியைத் துப்பிவிட்டுக் கத்தினாள். எழுந்து கையை உயர்த்தினாள். விரலில் ஒரு நண்டு தொங்கியது. ரத்தம் சொட்டியது.

“கடிச்சிட்டான்மா” என்றாள். வலியில் சொன்னவள், அடுத்த நொடியே சிரித்தாள். “அம்மாடி, நெஜமாவே கடிச்சிட்டான். கொடுக்கைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. எத்தினி வருசமாச்சு ஒரு நண்டுகிட்ட கடி வாங்கி.”

அரசி செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். நண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓடு கெட்டி. குட்டையின் ஓரத்தில் சேற்றைக் கிளறினாள். நத்தைகள், சின்னச் சின்னதாக, ஆனால் ஓட்டோடு. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா, உங்களையும் கடிச்சிட்டானா?”

“இல்லக்கா. செத்த சுவர் கரையுது. கரையறப்போ குடிச்ச சுண்ணாம்பைத் திருப்பித் தருது. இதுங்க அதைத்தான் தின்னு ஓடு கட்டியிருக்கு.”

“நாம மூட்டை மூட்டையாச் சுண்ணாம்பு கொட்டினா ஆவாதா?”

“வேற ஆத்துல கொட்டிப் பார்த்தாச்சுக்கா. கொட்டினது சேத்துக்கு அடியில கல்லா உறைஞ்சு போச்சு. இது பால்ல சக்கரை கரையற மாதிரி வருது.”

உண்ணாமலை விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தாள். “அப்ப சுவர் செத்தா நண்டு பொழைக்கும். சுவர் பொழைச்சா நாம பொழைப்போம். நல்லா மாட்டி வுட்டாங்கம்மா நம்மள.”

அங்கேதான் அரசிக்கு அந்த எண்ணம் வந்தது. முழுச் சுவரும் சாக வேண்டாம். இந்த ஒரு துண்டு மட்டும் கரையட்டும். வெள்ளம் வந்தால் இந்த வழியாகப் பள்ளத்துக்குள் வந்து தேங்கட்டும். பின்னால் இருக்கிற மேட்டுச் சாலை கரை மாதிரி நின்று தண்ணீரை ஊருக்குள் விடாது. ஆற்றுக்கு மூச்சுவிட ஓர் இடம் கிடைக்கும், அதற்குள் இருக்கிற உயிர்களுக்குச் சுண்ணாம்பு கிடைக்கும். ஒரே ஒரு சிக்கல். அந்தப் பள்ளத்தில்தான் தெரு இருந்தது. தெருவுக்கு ஊருக்குள்ளேயே, கழிக்குப் பக்கத்திலேயே மேட்டு நிலம் வேண்டும். தாழைமேட்டில் அப்படி இருந்தது சந்தைத் திடல் ஒன்றுதான்.

கிருபாகரனிடம் கேட்டபோது அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். நான் சுவரில் ஓட்டையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பிறகு ஒரு பிணத்தைப் பார்த்தால் அந்த வீட்டில் போய் என்ன சொல்வது? பிணம் விழாதபடி செய்வது என் பொறுப்பு, விழுந்தால் அந்த வீட்டுக்கு நான்தான் போவேன் என்றாள் அரசி. அவர் பெருமூச்சு விட்டார். தெருவுக்கு மேட்டில் இடம் வாங்கிக்காட்டு, விதையைத் திருப்பி அனுப்புகிறேன் என்றார். ஊர் இடம் தராது என்றுதான் அவர் நினைத்திருப்பார். அரசியும் அப்படித்தான் நினைத்தாள்.

ஊர்க் கூட்டம் திடலிலேயே நடந்தது. திடல் வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத் தலைவி தனபாக்கியம், அரிசி மில் வைத்திருப்பவள், அறுபது வயசு, அவள் தலையாட்டாமல் அங்கே ஒரு தக்காளிக்கூடை நகராது. அரசி நண்டைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் சொன்னாள். யாருக்கும் அது ஏறவில்லை. மஞ்சள் பூசி ஓட்டை போட்டவர்களுக்குப் பரிசாகத் திடலா என்று ஒருவர் கேட்டார். நண்டுக்காக ஊரை முழுக வைப்பதா என்றார் இன்னொருவர். உண்ணாமலை கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் பேசி ஓய்ந்தபின் தனபாக்கியம் எழுந்தாள்.

“உண்ணாமலை, இங்க பாருடி.”

உண்ணாமலை நிமிர்ந்தாள்.

“அந்த மழையில மில்லு மாடியில இருந்து என்னை எப்படி இழுத்தே?”

“முடியைப் புடிச்சிதான், மில்லுக்காரம்மா. புடவை வழுக்கிடுச்சு.”

“வாழைமரத் தெப்பத்துல முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டா. அந்த எடத்துல இன்னைக்கு வரைக்கும் எனக்கு முடி சரியா முளைக்கல.” தனபாக்கியம் கூட்டத்தைப் பார்த்துக் காதுக்கு மேலே தொட்டுக் காட்டினாள். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். “தலை சீவறப்போ எல்லாம் இவளைத் திட்டுவேன். திட்டறதுக்கு உசிரோட இருக்கேன்ல. திடல்ல வடக்குப் பாதியை எடுத்துக்கட்டும். பாதிதான். சந்தை நாள்ல லாரி வரும், சத்தம் வரும், அதுக்கு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

அவ்வளவுதான் அவள் பேசியது. கை தட்டவில்லை யாரும். தட்டினால் அவள் மனசு மாறிவிடும் என்று பயந்தார்களோ என்னவோ.

புரட்டாசி முடிவதற்குள் தெரு திடலுக்கு வந்துவிட்டது. கூரைகளைக் கழற்றி, கதவுகளைத் தூக்கி, கோழிகளைக் கூடையில் அடைத்து வந்தார்கள். காய்கறிக்காரர்கள் மூட்டை தூக்கினார்கள். சொல்லித் தூக்கியதில்லை, சும்மா நிற்க முடியாமல் தூக்கினார்கள். கிருபாகரன் கொடுத்த வாக்கை மீறவில்லை, விதையைத் திருப்பி அனுப்பினார். மேட்டுச் சாலையை உயர்த்த ஆட்களையும் அனுப்பினார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

மழை வந்தது, செல்லங்களா. அந்த மழைக்குச் சளைக்காத மழை. மேலே அணைகள் நிறைந்து கதவுகள் திறந்த செய்தி வந்த காலையில், கிருபாகரன் தாழைமேட்டுக்கே வந்துவிட்டார். அரசியும் அவரும் குடை பிடித்தும் நனைந்துகொண்டு மேட்டுச் சாலையில் நின்றார்கள். ஆறு பழுப்பாகப் புரண்டு வந்தது. மஞ்சள் பட்ட அந்தத் துண்டு முதலில் நடுங்கியது, பிறகு மேல்பாதி சரிந்தது. தண்ணீர் பள்ளத்துக்குள் பாய்ந்தது. தெரு இருந்த இடம், அடுப்புகள் இருந்த இடம், வேப்பமரத்தின் பாதி, எல்லாம் கண்ணெதிரே மூடிற்று. கிருபாகரன் அரசியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்ததே அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் சாலையின் ஓரத்தைத் தொட்டது, ஏறவில்லை. அங்கேயே நின்றது. கீழே ஊர்ப்பக்கம் ஆற்றின் மட்டம் ஒரு சாண் இறங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் வானம் வெளுத்துவிட்டது. ஊரில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகவில்லை.

இத்தோடு கதையை முடித்தால் நீங்கள் நிம்மதியாகப் போவீர்கள். ஆனால் மிச்சமும் நடந்ததே, சொல்லாமல் எப்படி விடுவது?

வெள்ளம் வடிந்தபின் ஊர்ப்பக்கச் சுவரைச் சோதிக்க ஒரு துண்டு அறுத்து எடுத்தார்கள். அதைக் கையில் வாங்கிய கிருபாகரன் இரண்டு கட்டைவிரலால் அழுத்தினார். முறுக்கு மாதிரி உடைந்தது. உள்ளே பொந்து. தேன்கூடு போல் ஓட்டை ஓட்டையாக, ஒன்றுமே இல்லை. மானிகள் வெளிப்பக்கத்தைத்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வெளிப்பக்கம் கெட்டியாகத்தான் இருந்தது. ஆற்றில் சுண்ணாம்பு தீர்ந்ததும், சுவர் தன் வயிற்றுக்குள் இருந்ததையே கரைத்து எடுத்து வெளியே பூசிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை வருஷமோ. நண்டுக்கு மட்டும் இல்லை பசி. சுவருக்கும்தான்.

“அப்ப இது எப்படித் தாங்குச்சு, அரசி?” என்று கேட்டார். அவர் குரலே மாறியிருந்தது. “இந்த வெள்ளத்துல இது மொதல்ல போயிருக்கணும். ஊர் மேலயே போயிருக்கணும்.”

அரசி உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வெளியே, கடைசியாக, புதுசாக ஓர் அடுக்கு கட்டியிருந்தது. வெள்ளையாக இல்லை. லேசான மஞ்சள். மேல்புறத்தில் இருளர் தெருவுக்கு எதிரே கரைந்த சுவர், இத்தனை வாரமும் ஆற்றோடு இறங்கி வந்து, கீழே ஊர்ச்சுவரின் வாய்க்குள் போயிருந்தது. அந்தப் பெண்கள் அப்பிய மஞ்சளின் சாயமும் கூடவே வந்திருந்தது. தாழைமேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அன்றைக்கு நின்றது அந்த ஓர் அடுக்குதான்.

கிருபாகரனும் அதைப் பார்த்துவிட்டார். உடைந்த துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு திடலுக்கு நடந்தார். உண்ணாமலை வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள், பள்ளத்தில் பிடித்தது, ஓடு மொறுமொறுவென்றிருந்தது. அவர் மண்ணில் உட்கார்ந்தார். நீங்கள் சுவரை வேண்டுமென்றே இடிக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார். நாக்கு வறண்டுபோய் இருக்கிறதே, மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள் அவள். அவர் வாங்கிக் குடித்தார்.

கடைசியாக ஒன்று. இருளர் தெருவுக்கு எதிரே கரைகிற சுவர்த் துண்டு கொடுக்கிற சுண்ணாம்பு இன்னொரு மழைக்குத்தான் வரும். அதன்பின் வேறொரு துண்டு கரைய வேண்டும், இது மறுபடி வளர வேண்டும். ஒவ்வொரு துண்டும் முறைவைத்துத் தூங்கி முறைவைத்து எழ வேண்டும், அப்போதுதான் சுவரும் இருக்கும், ஆறும் இருக்கும். அடுத்த துண்டுக்கு எல்லா வகையிலும் தோதான இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. பின்னால் பள்ளம், எப்போதோ தூர்த்த பழைய ஏரியின் வயிறு. அதன் மேலே நின்றது தனபாக்கியத்தின் அரிசி மில்.

அரசி இதைக் கூட்டத்தில் சொன்னபோது எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. தனபாக்கியம் நாற்காலியில் அசையாமல் இருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மில்லின் சத்தத்தில்தான் அவள் தூங்கி எழுந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்குத் துணை அந்தச் சத்தம்தான். தரமாட்டேன் என்று சொன்னால் யாரும் வற்புறுத்த முடியாது. அரசியும் வற்புறுத்தவில்லை. கிருபாகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்ணாமலைதான் எழுந்து முன்னால் வந்தாள். “வடக்குப் பாதியில எங்களுக்கு இவ்ளோ எடம் வேணாம். நெருங்கி உக்காந்தா மில்லு மெஷினை அங்க வைக்கலாம். மில்லுக்காரம்மா பக்கத்துலயே ஒரு ரூம் போட்டுக்கட்டும். நாங்க சத்தத்துக்குப் பயப்படறவங்க இல்ல.”

தனபாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, ஆனால் குரலில் அது துளியும் இல்லை.

“மெஷினைத் தூக்கறதுக்கு முந்தி என் மில்லுக்கு எதிர்ல இருக்கற கரைக்கு நான்தான் மஞ்சள் பூசுவேன். வேற ஒருத்தி கை அதுல படக் கூடாது.”

“பூசுங்க, யாரு வேணாம்னா?” என்றாள் உண்ணாமலை. “ஆனா பாக்கெட்டு மஞ்சளைக் கொண்டாந்து கொட்டாதீங்க. வெள்ளிக்கிழமை வெள்ளெனக் குளிச்சிட்டு என் வூட்டுக்கு வாங்க. அம்மி இருக்கு. அரைக்க நான் சொல்லித் தரேன்.”